சவுண்டல் இலையும் பன்றியின் வயிறும்

மதுரையிலிருந்து சோழவந்தான் பக்கம் ஒரு முறையேனும் சென்றிருப்பீர்கள். வைகைப் பாசனத்தில் செழித்த வெற்றிலைக் கொடிக்கால்களில், கொடி பற்றி ஏறுவதற்கென்று வரிசை வரிசையாக அகத்தி வளர்ந்து நிற்கும். கொடிக்குப் பிடிப்பும் நிழலும், ஆட்டுக்குத் தழை, வீட்டுக்குக் கீரை என்று ஒரே மரம் மூன்று வேலை செய்கிறது. மேற்கே உசிலம்பட்டிக்கோ கிழக்கே மேலூருக்கோ போகப்போகத் தண்ணீர் குறையும். ஆனால் இலை முற்றிலும் இல்லாமற் போவதில்லை. வாகை, வேம்பு, பூவரசு, சவுண்டல் என்று வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் ஏதோ ஒன்று பசுமையாக நிற்கும். ஆடு வளர்ப்பவர் தொரட்டியுடன் சென்று அந்தத் தழையை ஒடித்து வருவார். பன்றி வளர்ப்பவரோ அந்த மரங்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவருடைய தீவனம் ஓட்டல்களில் மிஞ்சும் சோறு, காய்கறிக் கழிவு, தவிடு ஆகியவையே.

இது வெறும் பழக்கம்தானா? இலையில் புரதம் உண்டு, பன்றிக்குப் புரதம் வேண்டும், இலை இலவசம். இவ்வளவு எளிய கணக்கு ஏன் நடைமுறைக்கு வரவில்லை? பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் முக்கால் பங்கு வரை தீவனத்துக்கே போகிறது. இத்தொழிலில் ஈடுபட்டிருப்போரில் பெரும்பாலோர் நிலமற்ற ஏழைகள். 2020-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த பின்னர், வேகவைக்காத எச்சில் உணவு நோயைக் கொண்டுவரும் வழிகளுள் ஒன்று என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. எனவே மேற்படி வினா விளையாட்டு வினா அன்று. அதற்கு விடை தேடியவர்களின் வரலாறு பூடாபெஸ்ட் நகரில் தொடங்கி, ஹவாய்த் தீவுகளைச் சுற்றி, நம் கோயம்புத்தூர் வரை வருகிறது.

முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். பயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனை நம் உழவர்கள் ‘தழைச்சத்து’ என்கிறார்கள். மிகப் பொருத்தமான பெயர். புரதத்துக்கு அடையாளம் நைட்ரஜனே. கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பாலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் என்ற வேதியியலார், ஒரு பொருளிலுள்ள நைட்ரஜனை அளக்கும் எளிய முறை ஒன்றை 1883-இல் வெளியிட்டார். அந்த அளவை 6.25-ஆல் பெருக்கினால் ‘கச்சாப் புரதம்’ கிடைக்கும். இன்றும் தீவன மூட்டைகளின் மேல் அச்சிடப்படும் புரத அளவு இந்தப் பெருக்கலால் கிடைப்பதுதான். இம்முறையில் அளந்தால் அரிசித் தவிட்டில் ஏறக்குறைய 12 சதவிகிதமும், கடலைப் புண்ணாக்கில் 45 சதவிகிதமும், உலர்ந்த சவுண்டல் இலைத்தூளில் 25 சதவிகிதமும் புரதம் உள்ளது. இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சூது இருக்கிறது, பின்னர் வருவோம்.

இலையைப் பிழிந்தவர்கள்

இலையில் புரதம் உண்டென்பது புதிய செய்தி அன்று. பிரான்சு நாட்டு வேதியியலார் ரூவெல் 1773-லேயே செடியின் பச்சைச் சாற்றைச் சூடாக்கி, திரிந்து வந்த பொருளைப் பிரித்தெடுத்தார். முட்டையின் வெள்ளைக்கருவைப்போல் சூட்டில் உறையும் பொருள் ஒன்று இலையில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதன் பின்னர் நூற்றைம்பது ஆண்டுக் காலம் யாரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் காரோய் எரெக்கி. ‘உயிர்த் தொழில்நுட்பம்’ என்று இன்று எல்லாரும் சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் படைத்தவர் இவர்தான். 1919-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே அது இடம்பெற்றது. மரபணுவுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. அவருடைய மனத்தை ஆட்கொண்டிருந்தது பன்றி! முதல் உலகப் போர்க் காலத்தில் பூடாபெஸ்ட் அருகே பல்லாயிரம் பன்றிகளைக் கொழுக்கவைக்கும் ஆலை ஒன்றை அவர் நடத்தினார். பன்றி என்பது தீவனத்தை இறைச்சியாக மாற்றும் ஒரு பொறி என்பது அவர் கண்ணோட்டம். பொறிக்கு எரிபொருள் மலிவாகக் கிடைக்கவேண்டுமல்லவா? 1920-களில் அவர் பசுந்தழையை அரைத்துக் கூழாக்கித் தீவனமாக்கும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார்.

எரெக்கியின் எண்ணத்தில் நியாயம் இருந்தது. பன்றிக்கு மாட்டைப்போல் நாலறை வயிறு கிடையாது. அதன் இரைப்பை நம்முடையதைப் போன்று ஒற்றைப் பை. மாட்டின் முதல் வயிறு நுண்ணுயிர்கள் நிறைந்த ஒரு நொதிப்புத் தொட்டி. நார்ப்பொருளை அவை உடைத்துத் தருகின்றன. பன்றியிடம் அத்தகைய ஏற்பாடு பெருங்குடலில் சிறிதளவே உண்டு. ஆகவே நாரைப் புறத்தே நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் கொடுத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார்.

வயிற்றின் கொள்ளளவும் ஒரு தடை. பௌதிகம் கற்பிப்பவன் என்பதால் இதை எண்களில் சொல்கிறேன். 50 கிலோ எடையுள்ள பன்றி நாளொன்றுக்குச் சுமார் 2 கிலோ உலர்தீவனம் உண்ணும். பசுந்தழையில் முக்கால் பங்கு தண்ணீர். பாதித் தீவனத்தை இலையாகக் கொடுக்க நினைத்தால், 1 கிலோ உலர்பொருளுக்காக 4 கிலோ தழையை அது தின்றாகவேண்டும். அவ்வளவுக்கு வயிற்றில் இடமில்லை. இருந்தாலும் நார் மிகுந்த அத்தீவனத்திலிருந்து போதிய ஆற்றல் கிடைக்காது. இலையை உலர்த்தித் தூளாக்குவது இந்தத் தண்ணீர்ச் சுமையை நீக்கும் வழி. சாறு பிழிவது நார்ச் சுமையை நீக்கும் வழி.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் நார்மன் பிரீ என்பவர் சாறு பிழியும் வழியைக் கையிலெடுத்தார். உணவு ஏற்றிவந்த கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. புல்லிலிருந்து நேரே மனிதனுக்கு உணவு தயாரிக்கலாம், நடுவில் விலங்கு எதற்கு என்பது பிரீயின் வாதம். எரெக்கி பன்றிக்கு எண்ணியதை இவர் மனிதனுக்கே எண்ணினார். அந்த முயற்சி 1970-களில் கோயம்புத்தூரை எட்டியது. அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில், ராஜம்மாள் தேவதாஸ் அவர்களின் தலைமையில், குதிரைமசால் இலையிலிருந்து எடுத்த புரதத்தைக் குழந்தைகளின் உணவில் சேர்த்துச் சோதித்தார்கள். பயன் இருந்தது. ஆனால் கரும்பச்சை நிறமும் தழை வாடையும், அரைக்கும் பொறிக்கு ஆகும் செலவும் சேர்ந்து அதைப் பரவலாக்க இடம் தரவில்லை. இலைத்தூள் என்ற எளிய வழியே எஞ்சியது. அதற்கு ஏற்ற மரமும் கிடைத்துவிட்டதாக உலகம் கொண்டாடிய காலம் அது.

மயிர் உதிர்ந்த குதிரைகள்

சவுண்டலின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். மெக்சிகோவில் வஹாக்கா என்றொரு மாநிலம் உண்டு. அப்பெயருக்கே, பழங்குடி மொழியில், சவுண்டல் இன மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள். அங்கே அதன் இளங்காய்களை மக்கள் உண்கிறார்கள். 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் இம்மரத்தைப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் சேர்த்தன. அங்கே அது ‘இப்பில் இப்பில்’ ஆயிற்று, இந்தோனேசியாவில் ‘லம்தோரோ’. ஹவாயில் அதை ‘அந்நியக் கோவா மரம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். போன இடமெல்லாம் ஒரு புதுப் பெயர்.

அதன் குற்றமும் நெடுங்காலத்துக்கு முன்னரே தெரிந்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் இந்தத் தழையைத் தின்ற குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றின் பிடரியிலும் வாலிலும் மயிர் கொட்டிவிடுகிறது என்று, கியூ தாவரவியல் தோட்டத்தின் உதவி இயக்குநராக இருந்த டேனியல் மாரிஸ் 1890-களில் எழுதினார். பன்றிக்கும் இதே கதி. ஆனால் மாடு தின்றால் ஒன்றும் ஆவதில்லை. விந்தையாக இல்லையா? அசைபோடும் விலங்குகளுக்கும் அசைபோடாதவற்றுக்கும் இடையிலான வேறுபாடு அன்றே கண்முன் நின்றது. விளக்கம் கிடைக்கத்தான் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நஞ்சு எது என்பது 1930-களில் தெரிந்தது. தொட்டாற்சுருங்கிச் செடியிலிருந்து புதியதொரு அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, அச்செடியின் தாவரவியல் பெயரான மைமோசா என்பதையொட்டி ‘மைமோசின்’ என்று பெயரிட்டார்கள். சவுண்டலில் இருப்பதும் அதுவே என்று பிறகு தெளிவாயிற்று. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள் ஒன்றான டைரோசினை உருவத்தில் ஒத்திருக்கும் இப்போலி, வேகமாகப் பிரியும் செல்களின் பிரிவைத் தடுத்து நிறுத்துகிறது. மயிர்க்கால் செல்கள் இடைவிடாமல் பிரிபவை; ஆதலால் அவையே முதலில் அடிபடுகின்றன. ஆஸ்திரேலியர்கள் இக்குணத்தைப் பயன்படுத்திக் கத்தரிக்கோல் இல்லாமலே செம்மறியாட்டின் கம்பளியை உதிர்க்கலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள்!

இப்போது அந்த 25 சதவிகிதத்துக்கு வருவோம். மைமோசின் ஓர் அமினோ அமிலம். அதன் எடையில் 14 சதவிகிதம் நைட்ரஜன். உலர்ந்த இலையில் 4 சதவிகிதம் மைமோசின் இருப்பதாகக் கொள்வோம். கெல்டால் முறையில் அதிலுள்ள நைட்ரஜனும் கணக்கில் ஏறிவிடும். 4-ஐ 0.14-ஆல் பெருக்கி, அதை மீண்டும் 6.25-ஆல் பெருக்கினால் 3.5 வருகிறது. அதாவது 25 பங்கு ‘புரதத்தில்’ 3.5 பங்கு நஞ்சே! அளக்கும் கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் நாம் கேட்டது நைட்ரஜனை; அது சொன்னதும் நைட்ரஜனை. புரதம் என்று பெயர் சூட்டியவர்கள் நாம்.

பன்றிக்கு நேர்வது மயிர் உதிர்வோடு நிற்கவில்லை. ஹவாயில் வேமன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, தீவனத்தில் சவுண்டல் சேர்க்கப்பட்ட பெண் பன்றிகளின் கருக்கள் வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோவதைக் காட்டியது. வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. மயிர் உதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், தீவனத்தை நிறுத்திவிடலாம். பத்துக் குட்டி ஈனவேண்டிய பன்றி நான்கு ஈன்றால், காரணம் தொட்டியில் இட்ட இலை என்று யாருக்குத் தோன்றும்?

அன்னபேதி

நஞ்சை நீக்க இயலாதா? ஹவாயிலேயே 1951-இல் மட்சுமோட்டோ, ஷெர்மன் முதலியோர் இருவழிகளை ஆராய்ந்தார்கள். ஒன்று வெப்பம், மற்றொன்று இரும்பு.

இரும்பு வழி அழகானது. மைமோசின் இரும்பு அயனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. தீவனத்தில் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டைச் சிறிதளவு கலந்தால், குடலுக்குள் மைமோசின் இரும்போடு பிணைந்து, இரத்தத்தில் ஏறாமல் பெரும்பாலும் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சிய கதையை உங்கள் தாத்தா சொல்லியிருக்கக்கூடும். அங்கே இரும்பைக் கவ்வுவது கடுக்காயின் துவர்ப்பொருள், இங்கே மைமோசின்.

இப்பிணைப்பைக் கல்லூரி ஆய்வகத்திலேயே காணலாம். இலையைப் பொடித்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது கரித்தூளுடன் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். தெளிந்த நீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டு விட்டால் ஊதாச் சிவப்பு நிறம் தோன்றும். கரித்தூளை மட்டும் மறக்காதீர்கள். சவுண்டல் இலையிலும் துவர்ப்பொருள் உண்டு. அதை உறிஞ்சி அகற்றாவிட்டால் இரும்போடு சேர்ந்து எல்லாம் கருத்து, மைக்கூடுதான் கிடைக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பச்சை ஒளி உறிஞ்சப்படுகிறது. அதை நிறமானியில் அளந்தால் மைமோசினின் அளவு தெரியும்.

வெப்ப வழி அவ்வளவு நேர்மையானதன்று. இலையை வாடவைத்தாலும் சூடாக்கினாலும் மைமோசின் குறைவது உண்மை. ஆனால் அதில் ஒரு பகுதி டி.எச்.பி. எனச் சுருக்கமாக வழங்கும் வேறொரு பொருளாக மாறுகிறது. அது மயிரை உதிர்ப்பதில்லை. தைராய்டு சுரப்பியைத் தாக்கிக் கழலையை உண்டாக்குகிறது. ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் தம்பியை வீட்டில் வைத்திருப்பது போன்றது இது. இலையை ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்தினால் மைமோசினின் பெரும்பகுதி கரைந்து போய்விடும். நல்ல சத்துகளும் சிறிது உடன்போகும். கோடையில் குடத்துக்கு வரிசையில் நிற்கும் ஊர்களில் இவ்வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாடு தப்பிய காரணத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மைமோசினை டி.எச்.பி. ஆக மாற்றிவிடுகின்றன, ஆகவே மயிர் பெரும்பாலும் தப்புகிறது. ஆனால் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கழலை வந்தது. ஹவாயில் அதே தழையை நாள்தோறும் மேய்ந்த ஆடுமாடுகளுக்கு வரவில்லை. தழை ஒன்றானால் வேறுபாடு வயிற்றுக்குள்தான் இருக்கவேண்டும் என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலார் 1981-இல் வாதிட்டார். ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து ஆஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டியபோது, அவை டி.எச்.பி.யையும் சிதைக்கத் தொடங்கின. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992-இல் ஜோன்ஸின் பெயரே சூட்டப்பட்டது. இப்போது ஆஸ்திரேலியாவிலேயே இக்கதை மறு ஆய்வுக்கு உள்ளாகியிருக்கிறது. டி.எச்.பி.யை ஈரலும் செயலிழக்கச் செய்கிறது, பாக்டீரியா அவ்வளவு இன்றியமையாததா என்று 2010-களில் வினா எழுப்பியிருக்கிறார்கள். எப்படியாயினும் முதல் வயிறே இல்லாத பன்றிக்கு ஜோன்ஸின் மருந்து உதவாது.

நம் ஊரில்

இந்தியாவில் பழைய குட்டைச் சவுண்டல் முன்பே இருந்தது. 1970-களில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புரூபேக்கர் தேர்ந்தெடுத்திருந்த கே-8 போன்ற நெடிய வகைகள் வந்தன. பூனா அருகே உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் நிறுவிய பைஃப் நிறுவனம் அவற்றைப் பரப்புவதில் முன்னின்றது. ‘கூபாபுல்’ என்ற பெயர் ‘சூபாபுல்’ ஆயிற்று. வடமொழியில் ‘கு’ என்றால் கெட்டது, ‘சு’ என்றால் நல்லது! 1977-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இம்மரத்துக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. விறகு, தீவனம், உரம், காகிதக்கூழ் எல்லாம் ஒரே மரத்தில் என்ற ஆர்வம் நம் வேளாண் பண்ணைகளையும் தொற்றிக்கொண்டது. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலும் சவுண்டல் இலைத்தூள் வணிகப் பொருளாகவே ஆயிற்று. முட்டையின் மஞ்சட்கருவுக்கு நல்ல நிறம் தருகிறதென்று கோழித் தீவனக்காரர்கள் அதை வாங்கினார்கள்.

ஆர்வத்தைத் தணித்தது ஒரு பூச்சி. கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியொன்று 1984-இல் ஹவாயில் தோன்றி, 1985-இல் பிலிப்பைன்ஸ், 1986-இல் இந்தோனேசியா என்று கடல் கடந்து, 1988-இல் தென்னிந்தியாவில் இறங்கியது. ஒரே வகையை எங்கும் நட்டிருந்ததால் அதற்குத் தடையேதும் இருக்கவில்லை. அதை உண்ணும் நீலப் பொறிவண்டை அதே ஆண்டில் தாய்லாந்திலிருந்து பெங்களூருக்குத் தருவித்தார்கள். மரங்கள் பிழைத்துக்கொண்டன. அளவுக்கு மீறியே பிழைத்துக்கொண்டன எனலாம். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான பட்டியலில் சவுண்டலும் இருக்கிறது. அதே பட்டியலில் பன்றியும் இருக்கிறது என்பது வேறு கதை.

இனி மதுரைச் சமவெளியில் வெண்பன்றி வளர்க்கும் ஒருவருக்கு இதனால் என்ன கிடைக்கும்? உலர்த்திய சவுண்டல் இலைத்தூளைத் தீவனத்தில் 5 முதல் 10 சதவிகிதம் வரை வளரும் பன்றிகள் தாங்குகின்றன. 15-ஐத் தாண்டினால் வளர்ச்சி குன்றுகிறது. 100 கிலோ கலப்புத் தீவனத்தில் 10 கிலோ இலைத்தூள் என்றால் அதிலுள்ள கச்சாப் புரதம் 2.5 கிலோ. காகிதத்தில் அது ஐந்தரைக் கிலோ கடலைப் புண்ணாக்குக்கு ஈடு. மைமோசினைக் கழித்து, துவர்ப்பொருளால் செரியாமல் போவதையும் கழித்தால், உண்மையில் அதில் ஏறக்குறைய பாதி தேறும் என்பது என் கணிப்பு. புண்ணாக்கு விலை ஏறும்போது அந்த இரண்டு மூன்று கிலோவும் ஒரு பொருட்டுதான்; ஆனால் இலையாலேயே பன்றியை வளர்த்துவிடலாம் என்பவரை நம்பவேண்டாம்.

வேறு இலைகளும் உண்டு. வியட்நாமில் வள்ளிக்கொடியையும் மரவள்ளி இலையையும் பன்றிக்குக் கொடுக்கிறார்கள். மரவள்ளி இலையின் நஞ்சு சயனைடு வகையைச் சேர்ந்தது. நறுக்கி வெயிலில் காயவைத்தாலோ, காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைத்தாலோ பெரும்பகுதி அகன்றுவிடும். சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு வெட்டும் பருவத்தில் அந்த இலை மலிந்து கிடக்கும். மதுரையிலோ கைக்கெட்டும் இலை சவுண்டல்தான். அதைப் பயன்படுத்துவதானால் நிழலில் உலர்த்தித் தூளாக்கி, அன்னபேதியின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து, குறைந்த அளவில் தொடங்கவேண்டும். இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருக்கும் பெண் பன்றிகளின் தொட்டியில் மட்டும் அத்தூளை இடவே கூடாது. ஹவாயில் கருக்கள் கரைந்தது அவற்றின் வயிற்றில்தான்.